மாடி ஏறினால் மலை தெரிகிறது

என் ஆங்கிலக் கையெழுத்து அழகாக இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொண்ணூற்று மூன்றில் எங்கள் ஊரும் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரும் நட்பு ஊர்கள் ஆயின. பள்ளிப் பிள்ளைகள் தமிழில் எழுதும் கடிதங்களை ஆங்கிலமாக்கி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. வரும் பதில்களைத் தமிழில் படித்துக் காட்டுவதும் நான்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கிருபா. அப்போது ஒன்பது வயது. அப்பா பிரான்சிஸுக்கு ஃபவுண்டரியில் வேலை. அவளுக்குக் கடிதம் எழுதியவர் மார்கரெட், அந்த ஊர் டாக்டர். இருதய நோயுள்ள குழந்தைகள் இருந்தால் எழுதுங்கள், இங்கே அழைத்து ஆபரேஷன் செய்கிறோம் என்று எங்கள் நட்புச் சங்கத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுவருடம் ஜூனில் கிருபா எழுதினாள்: "மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்க. ஒதடு நீலமாயிருதுங்க. இருதயத்துல ஓட்டைன்னு சொல்றாங்க. என்னையக் கூட்டிக்குவீங்களா?"

வீட்டுக்கு வந்த ஒரம்பரையிடம் கஷ்டத்தைச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ரசத்தில் தண்ணீர் விட்டாவது சிரித்த முகமாய்ப் பரிமாறுவோம். அந்த இங்கிலாந்துக்காரர்கள் நாலு ஊர்களைப் பார்த்துவிட்டு எங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள். கேட்டால் செய்வார்கள் என்று தெரியும். செய்த பிறகு நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். எனக்குக் கூச்சமாக இருந்தது. "மாடி ஏறினால் மலை தெரிகிறது. நான் நலம்" என்று எழுதினேன்.

சனிக்கிழமைதோறும் பிரான்சிஸ் வருவார்.

"ஏனுங்க வாத்தியாரே, பதில் வந்துச்சுங்களா?"

"வருமுங்க. சீமையில இருந்து வரோணுமில்லீங்க."

பதில் வந்தது. மலையின் பெயரைக் கேட்டிருந்தார். பார்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார் என்று கிருபாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் இன்னும் இரண்டு முறை கேட்டாள். ஒரு முறை மழையைப் பற்றி எழுதினேன், ஒரு முறை பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றி.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் அவள் இறந்தாள். மார்ச்சில் வழக்கம்போல அவள் கடிதம் போயிற்று. நிறுத்தினால் மார்கரெட் வருத்தப்படுவார். ஏழாம் வகுப்பில் அவளை முதல் ரேங்க் எடுக்கவைத்தேன்.

போன வாரம் மார்கரெட் சொல்லாமல் வந்துவிட்டார். கையில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கான கவுன். பிரான்சிஸ் மாலை போட்ட படத்தைக் காட்டியிருக்கிறார். அதனால்தான் என்னை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஆமாம், அந்தக் குழந்தையைச் சாகவிட்டது நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மார்கரெட் சாப்பிட்டாரா என்று யாராவது போய் விசாரித்தீர்களா? நம் ஊரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போவார்.