பள்ளித் தெருவை ஆறு வாரம் மூடிப் பார்த்த அக்காவுக்கு

அளவுநாடாவை அணிகலனாய் ஏந்தியவரே, வெயிலையும் மழையையும் வேலையின் பங்காளிகளாய் ஏற்றவரே, வண்டிகளை எண்ணும் கண்ணால் நடந்துபோகிறவர்களையும் எண்ணியவரே, நகராட்சிச் சாலைப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பணிபுரிந்து இன்று ஓய்வுபெறும் மேற்பார்வையாளரே, எங்கள் அன்பு அக்காவே,

தங்கள் பிரிவினர் அனைவரும் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம். ‘தாங்கள்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே உங்கள் புருவம் உயரும் என்பது தெரியும். ஆகவே இனி ‘நீங்கள்’தான். ‘முகம் சுளிக்காமல்’ என்பதும் மேடைக்காகச் சேர்த்த மரியாதை. தேதி போடாத கோப்போடு உங்கள் மேசைக்கு வந்த நாங்கள் உங்கள் முகத்தை வேறு விதமாகவும் பார்த்திருக்கிறோம்.

வரைபடங்களைப் படியெடுக்கும் பணியில் சேர்ந்து, வடிகால் முதல் வேகத்தடை வரை வகைவகையாய் அளந்து, படிப்படியாய் உயர்ந்தவர் நீங்கள். இந்த நகரில் உங்கள் நாடா படாத தெரு இல்லை. “வீட்டுல ஹால்ல இருந்து சமையலறைக்கு எத்தனை அடின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா” என்று உங்கள் கணவர் எங்களிடம் புகார் சொன்னதுண்டு. நீங்கள் செய்த பணிகளையெல்லாம் வரிசையாய் அடுக்கினால் இக்கூட்டம் கலைய நேரமாகும். ஆதலால் ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் பெண்மணி நம் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்து உங்கள் மேசையில் வைத்தார். அது தகடாய் நசுங்கியிருந்தது. “பிள்ளை தப்பிச்சிடுச்சு அக்கா. டப்பா தப்பிக்கல” என்றார். அவர் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நீங்கள் நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

அந்தத் தெருவின் அகலம் ஆறு மீட்டர். நடைபாதை மூன்றடி, அதிலும் பாதியில் கார்கள் இரண்டு சக்கரத்தை ஏற்றி நிற்கும். காலை ஏழே முக்காலிலிருந்து எட்டரைக்குள் இருநூற்றுப் பதினான்கு வண்டிகள். பெரும்பாலானவை தம் பிள்ளையை வாசலிலேயே இறக்கிவிட வந்து, மற்றவர் பிள்ளைக்கு வழியில்லாமல் செய்த வண்டிகள். பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் முக்கால் மணி நேரம் அத்தெருவை வண்டிகளுக்கு மூட வேண்டும் என்று நீங்கள் குறிப்பு எழுதினீர்கள்.

தலைமைப் பொறியாளர் தயங்கினார். இதோ மேடையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். “தெருவை மூடினா ஊரே திட்டுமேம்மா” என்றார்.

“மூடிடலாம்னு சொல்லல சார். ஆறு வாரம் மூடிப் பாக்கலாம்னு சொல்றேன். சரிப்படலன்னா நானே போய்த் தடுப்பை எடுத்துடுறேன்” என்றீர்கள்.

முதல் நாள் ஊர் திட்டத்தான் செய்தது. படச்சட்டக் கடைக்காரர், கண்ணாடி ஏற்றிய வண்டி உள்ளே வரமுடியவில்லை என்று தெருமுனையில் நின்று கத்தினார். ஆனால் நம்மை உலுக்கியது அதுவன்று. மூன்றாம் நாள் நடந்தது.

அன்று தடுப்பருகே நின்றவன் இம்மடலை எழுதும் வரைவாளனாகிய நான். ஒரு தந்தை காரில் வந்தார். பின்னிருக்கையில் அவர் மகள். அவளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலி மடித்துக் கிடந்தது. “யாருக்கும் விலக்கில்லைங்க” என்று விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் பின்தெருவில் வண்டியை நிறுத்தி, குண்டும் குழியுமான நடைபாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதியில் ஒரு சக்கரம் பள்ளத்தில் சிக்கியது. அந்தப் பெண் அழுதுகொண்டே தாமதமாய் வகுப்புக்குப் போனாள்.

நான் தலைகுனிந்து உங்கள் முன் வந்து நின்றேன். “உன் மேல தப்பில்ல. அந்த ரூல்ல ஒரு வரி விட்டுப்போச்சு. அதை எழுதினது நான்” என்றீர்கள். மாலையில் அந்தத் தந்தையின் வீட்டுக்கு என்னையும் அழைத்துப்போனீர்கள். கதவைப் பாதிதான் திறந்தார்.

“மன்னிப்பெல்லாம் வேணாம்மா. நாளைக்கு என் பொண்ணு எப்படிப் போவா? அதைச் சொல்லுங்க.”

“உங்க கார் உள்ள வரும். முன்னாடி நான் நடந்து வருவேன்” என்றீர்கள்.

மறுநாள் காலை, கையை உயர்த்தியபடி நீங்கள் முன்னே நடக்க, அந்தக் கார் உங்கள் காலடி வேகத்தில் பின்னே வந்தது. தெரு நிறைந்த பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த வாரமே நடக்க முடியாதவர்களுக்கும் தெருவில் குடியிருப்போருக்கும் அனுமதி அட்டை வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம்.

நான்காம் வாரம், பின்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் அலுவலகத்துக்குள் வந்தார். “உங்க தெருவைச் சுத்தமாக் கூட்டி, குப்பையை என் வாசல்ல தள்ளிட்டீங்க” என்றார். மறுநாளே நீங்கள் அவர் கடை வாசலில் நின்று எண்ணினீர்கள். பள்ளித் தெருவில் இருநூற்றுப் பதினான்கு ஒன்பதாய்க் குறைந்திருந்தது. பின்தெருவிலோ, மூடுவதற்கு முன்பே நீங்கள் எண்ணி வைத்திருந்த அறுபது நூற்றெழுபத்தொன்றாய் உயர்ந்திருந்தது.

நகர்மன்றத்தில் பள்ளித் தெருவின் எண்ணை மட்டும் காட்டினால் போதும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவரும் அதே மேடையில்தான் இருக்கிறார். உங்கள் பதில் எங்கள் அறைவரை கேட்டது: “சோதனைன்னு சொல்லித்தானே சார் ஆரம்பிச்சோம்? பாதி பதிலைக் காட்டினா அது சோதனை இல்ல, விளம்பரம்.”

மன்றத்தில் இரண்டு எண்களையும் படித்தீர்கள். சலசலப்பு எழுந்தது. திட்டத்தைக் கைவிடலாம் என்று இரண்டு உறுப்பினர்கள் எழுந்தே விட்டார்கள். அப்போது, எதிர்த்துப் பேச வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முடிதிருத்துபவர் கையைத் தூக்கினார்.

“இருபது வருஷமா அந்தத் தெருவுல இருக்கேன். எங்க தெருவை யாரும் இதுவரைக்கும் எண்ணினதே இல்ல. இந்தம்மா எண்ணினாங்க. எண்ணினதை மறைக்காமச் சொல்லவும் சொல்றாங்க. இன்னும் ஆறு வாரம் குடுங்க. ஆனா எங்க தெருவையும் சேத்துக் குடுங்க” என்றார்.

இரண்டே வாக்கு வித்தியாசத்தில் கொடுத்தார்கள். பின்தெரு ஒருவழியானது. விளையாட்டுத் திடலில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பெற்றோர் பிள்ளைகளோடு பத்து நிமிடம் நடந்தார்கள். பின்தெருவின் எண் எழுபத்து நான்குக்கு இறங்கியது. பழைய அறுபதை அது தொடவில்லை. தொட்டதாக நீங்கள் எழுதவும் இல்லை. இன்று நான்கு பள்ளிகளின் தெருக்கள் காலையும் மாலையும் பிள்ளைகளுடையவை. நடுத்தெருவில் கைகோத்து, கதைபேசி, காலை இழுத்து இழுத்து அவர்கள் நடப்பதைப் பார்க்கும்போது, பள்ளிக்குப் போக இவ்வளவு நேரமா என்று கோபம்கூட வருகிறது.

எல்லோரையும் நீங்கள் வென்றுவிடவில்லை. படச்சட்டக் கடைக்காரர் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. இம்மடலுக்கென்று முன்கூட்டியே ஒரு சட்டம் செய்யக் கேட்டபோது “இந்தம்மாவுக்கா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தார். ஆனாலும் மூலைகள் நேராக இருக்கின்றன. நீங்கள் அளந்து பார்ப்பீர்கள் என்று எச்சரித்திருந்தோம்.

அக்கா, உங்களிடம் கற்றோம் என்று சொல்ல நாங்கள் கூசுகிறோம். நீங்கள் எங்களுக்கு எதையும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. வேலையைச் செய்தீர்கள், நாங்கள் பக்கத்தில் இருந்தோம். நீங்கள் எதற்கும் அசராதவர் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தோம். இன்று காலை விழா மண்டபத்தில் நாற்காலி போடும்போது உங்கள் கணவர் வேறொன்று சொன்னார். “அந்தத் தெருவை மூடின மொத நாள் விடியக்காலையிலேயே செருப்பை மாட்டிக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருந்தா. சாப்பிடல. ‘இது தப்பாப் போச்சுன்னா எந்த முகத்தோட ஆபீஸ் போவேன்’னு என் கையைப் புடிச்சுக்கிட்டா.”

வரும் திங்கட்கிழமை ஐந்தாவது பள்ளியின் தெருவில் சோதனை தொடங்குகிறது. நீங்கள் இல்லாமல் நாங்கள் வைக்கும் முதல் தடுப்பு. ஒரு வாரமாய் எங்களில் பலருக்குச் சரியாய்ச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டோம். உங்கள் கணவர் சொன்னதைக் கேட்டபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம்.

நின்று நின்று நோகும் உங்கள் முழங்கால்கள் நலம்பெறட்டும். எண்ண ஒன்றுமில்லாத காலைப்பொழுதுகள் எண்ணற்று வாய்க்கட்டும். உறவும் நட்பும் சூழ, உடலும் உள்ளமும் உரமாய், நூறாண்டு நீங்கள் நிம்மதியாய் நடக்க, எந்த வண்டியும் உங்களைப் பார்த்து ஒலி எழுப்பாதிருக்கட்டும்.

நெஞ்சம் நிறைந்த அன்புடன்,
உங்கள் சாலைப் பிரிவுப் பணியாளர்கள்