காற்றுக்குப் பழகிய விரல்

18 நவம்பர் 2023, சனிக்கிழமை, மாலை 4.10 மணி. கிளாக்ஸ்விக், படகுச் சங்கக் கூடம்.

நிகழ்ச்சி நிரல் 5. பதினேழு வயதுக்குட்பட்ட ஃபாரோ தீவுகளின் மகளிர் தேசியக் கால்பந்து அணிக்குப் பாராட்டு: பதிவாளர் உரை

தலைமை தாங்கும் தகைசால் ஹெர்போர் அம்மையார் அவர்களே! கடலோடிக் களைத்தும், கால்பந்து என்றால் களைப்பை மறக்கும் பெரியோர்களே! குடை விரித்தால் குடையே பறந்துவிடும் என்பதால் நனைந்தபடியே நின்று கைதட்டும் அன்னையர்களே! முன்வரிசை வீராங்கனைகளே! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பதினெட்டு ஆட்டங்கள். பதினேழு தோல்விகள். வாங்கிய கோல்கள் அறுபத்து நான்கு.

“அறுபத்தஞ்சு!” என்கிறார் ஒருவர். இல்லை ஐயா. 2021 செப்டம்பர் 22 அன்று விழுந்த கடைசிக் கோல், ஆட்டம் முடிந்ததாக ஊதிய பிறகு விழுந்தது. பதிவேட்டை எழுதியவன் நான்!

நம் தீவுகளின் மக்கள் அத்தனை பேரும் அமர்ந்தாலும் இருக்கை மிஞ்சும் அரங்குகளில் ஆடினார்கள் இந்தப் பெண்கள். அஞ்சினார்களா? அழுதார்கள், ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு வராமல் இருந்தார்களா? பதினேழு முறை வீழ்ந்து, பதினெட்டாம் முறை பெட்டி கட்டியவர்களை எந்தச் சொல்லால் பாராட்டுவேன்!

அந்தப் பதினெட்டாம் ஆட்டம், 25 அக்டோபர், புதன்கிழமை. தெற்கே, இலையும் அசையாத ஊர். அணிக்கு ஒரு கோல். எண்பத்து மூன்றாம் நிமிடம் நமக்குப் பெனால்ட்டி! அடித்தால் முதல் வெற்றி. பந்தை வைத்தாள் ரன்வா. உடனே ஓடிவந்தாள் மார்யுன். தரையில் குப்புறப் படுத்தாள். பந்தின்மேல் விரலை வைத்தாள்!

சிரிக்கிறீர்களா? நம் திடலில் யாராவது சிரிப்போமா? நம் காற்றில் விரல் வைத்துப் பிடிக்காவிட்டால் பந்து கடலுக்கல்லவா போகும்! அங்கோ அரங்கமே அதிர்ந்து சிரித்தது.

“அடியே, எந்திரிடி! இங்கதான் காத்தே இல்லையே!” என்றாள் ரன்வா.

“ஐயோ, கை தன்னால போயிருச்சுடி!”

நடுவர் அவளை அப்பால் அனுப்பினார். ரன்வா ஓடிவந்தாள், உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. ஆட்டம் சமன். வெற்றியின் மூன்று புள்ளிகள் நழுவின. வரலாற்றின் முதல் புள்ளி வந்தது.

30 அக்டோபர், மாலை 5.20. மார்யுன் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பதினான்காம் எண் சட்டை.

“இது இனிமே எனக்கு வேணாம் ஐயா. அந்த ஆட்டத்த மட்டும் எழுதாதீங்க.”

“எழுதாம எப்படிம்மா? ஒரு புள்ளி வந்திருக்கே!”

“மூணு வரவேண்டியது. என்னால போச்சு.”

விதிப்படி, திருப்பித் தந்த சட்டையைக் கால்பந்துச் சங்கச் செயலாளருக்கு நான் அனுப்பியாக வேண்டும். பொதி கட்டி முகவரியும் எழுதிவிட்டேன். இதோ மேசைமேல் இருக்கிறது. அஞ்சல் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் போகும்.

அதற்குமுன் பதிவேட்டைப் புரட்டினேன். 2021 மே 8 முதல் நம் திடலின் உள்ளூர் ஆட்டங்களில் ரன்வா உதைத்த பெனால்ட்டிகள் இருபத்து மூன்று. இருபத்து மூன்றுக்கும் சேற்றில் படுத்தவள் யார்? உதைக்கும் கால் தன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பாய்ந்தபோதும் விரலை அசைக்காதவள் யார்? கோல் அடித்தவருக்குப் பதிவேட்டில் பத்தி உண்டு. மஞ்சள் அட்டை வாங்கியவருக்கும் உண்டு. அடுத்தவள் அடிக்கப் பந்தைக் காத்தவளுக்கு உண்டா? நாற்பத்தொரு ஆண்டுகளாக இல்லை! அந்தப் பிழை என்னுடையது. நேற்று அளவுகோல் வைத்துப் புதிய பத்தி ஒன்றுக்குக் கோடு இழுத்தேன். அதன் முதல் வரி: மார்யுன், இருபத்து மூன்று.

என்ன ரன்வா, எழுந்துவிட்டாய்? சொல் அம்மா, உரக்கச் சொல்.

“நான் என்னைக்குப் பந்தப் பார்த்து உதைச்சேன்? அவ விரலப் பார்த்துத்தான் உதைப்பேன்! தப்பினது என் காலு. ஏய் மார்யுன், ஏப்ரல்ல மறுபடி ஆட்டம் இருக்கு. நீ வரலன்னா நானும் வரல, போடி!”

கைதட்டலை நிறுத்துங்கள் பெரியோர்களே! தூணருகே வழிவிடுங்கள். நடக்கட்டும், அவள் நடக்கட்டும்!

நான் முடித்துக்கொள்கிறேன். கேட்ட செவிகளுக்கு நன்றி. காத்த விரலுக்கு வணக்கம்.

செயலாளருக்கு இவ்வுரையுடன் இணைத்திருப்பவை:
1. 25.10.2023 ஆட்டத்தின் பதிவு, ஒரு படி.
2. புதிய பத்தி சேர்த்த பட்டியல், இரண்டு தாள்.
3. பதினான்காம் எண் சட்டை: இணைக்கப்படவில்லை. 18.11.2023, மாலை 4.31க்கு, உரியவரே மேடையேறிப் பொதியைப் பிரித்து எடுத்துக்கொண்டார்.