நாய்க்குப் போட்ட ரேடியோ

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு டீச்சர்மார் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"நாய்க்கு இப்ப ரேடியோ போடுறதில்லைங்க."

"நாய்க்கு ரேடியோவா?"

"தனியா இருந்தா செருப்பெல்லாம் கடிச்சுப் போடுது. அதனால வீட்டைப் பூட்டும்போது ரேடியோவைப் போட்டுட்டு வருவேன். போன கிழமை ஆமிக்காரங்க சோதனைக்கு வந்திருக்காங்க. பூட்டின வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள தமிழ்ல பேசுறான்."

"ஐயோ!"

"செய்திதாங்க. 'வெளிய வா'ன்னு கத்தினாங்களாம். அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கான். வீட்டைச் சுத்தி வளைச்சுட்டு, ஸ்கூலுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாங்க. ஓடி வந்தேன். கதவைத் திறந்தா, நாய் ஓடிப்போய் துவக்கைக் குறி பார்த்து நின்ன ஆமிக்காரன் காலடியில பந்தை வச்சிட்டு வாலை ஆட்டுது."

"அப்புறம்?"

"அவன் சிரிச்சிட்டான். துவக்கைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு அரை மணித்தியாலம் பந்து எறிஞ்சான்."

"நல்ல வேளை. இப்ப நாய் தனியா என்ன பண்ணுது?"

"வீட்டு முத்தத்துல விட்டுட்டு வர்றேன். தினம் பத்து மணிக்கு அவனே வந்து வேலிக்கு மேலால பந்து எறியிறானாம். அடுத்த கிழமை லீவுல ஊருக்குப் போறானாம். அதுதான் என்ன செய்றதுன்னு தெரியலைங்க."