புருஷன் வந்தால் காணாமல் போகும் குழந்தை

மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“எங்க வூட்டுக்காரர் உள்ள வந்தா போதும்க்கா, போன்ல கொயந்த காணாம பூடும்.”

“இன்னாடி சொல்ற?”

“வூட்ல கேமரா வச்சிகீறேன் இல்ல, அது கட்டாயிடும். நீதான் ஆஃப் பண்றேன்னு அவராண்ட தெனம் சண்ட.”

“அவரு பண்லியா?”

“இல்லக்கா, தப்பு எம்மேல. நம்ம லைன்ல மெஷினுக்குப் போடுற மாதிரி கேமராவுக்கு நானே நிரந்தரமா ஒரு ஐபி நம்பர் போட்டுட்டேன், நெட்ல அதுக்கு அட்ரஸ் மாதிரி. வூட்டு வைஃபை ரவுட்டருக்கு அது தெரியாது. அவரு உள்ள வந்து போன் வைஃபை புடிச்சதும், அதே நம்பரத் தூக்கி அதுக்கும் குடுத்துகீது. ரெண்டும் மோதிக்கினா கேமராதான் அவுட்டு.”

“இப்போ?”

“ரவுட்டருக்குள்ளயே பூந்து, இந்த நம்பர் கேமராவுக்கு மட்டும்னு பதிஞ்சிட்டேன். இனிமே அசையாது.”

“பாவம்டி அந்த மனுசன். சாரி கேட்டியா?”

“கேமராவுலயே பேசி கேக்கலாம்னுதான் இப்ப போன்ல தொறந்தேன். இட்லி ஊட்டுன்னு சொல்லிட்டு வந்தா, அப்பனும் பொண்ணும் சிப்ஸ் துன்னுகினு கீறாங்க. சாரியும் கெடயாது, ஒண்ணும் கெடயாது!”

அப்படிச் சொன்னவள், ஒரகடத்தில் கம்பெனி கேட் வரும்வரை அந்தப் போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.