மழையில்லாமல் ஏறிய கிணறு

ஹலோ... டீச்சர்? ... ஆமா, நான்தான், பிளம்பர். உங்க கிணத்துக்கு மழைத்தண்ணிய வடிகட்டி விடுற தொட்டி போட்டேனே... ஆமா, ஆமா, அதே ஆள்தான். ... நல்லா இருக்கேன். ... ம்... ம்... கேள்விப்பட்டேன் டீச்சர். அதுக்குத்தான் போன் பண்ணேன்.

... ஐயோ, வேண்டாம், என்னைப் பாராட்டாதீங்க. ... இல்ல, கொஞ்சம் நான் சொல்றத... சரி... சரி, சொல்லுங்க.

... கிணத்துல தண்ணி ரெண்டு உறை ஏறியிருக்கா? ரெண்டு மாசமா ஒரு சொட்டு மழை இல்லாமலா? ... ம். பைப் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். காலைல கடைக்குள்ள நுழைஞ்சதும், "வாய்யா கைராசிக்காரா"ன்னு தோளத் தட்டினார். நானும் ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன். வெளிய வந்து வண்டிய எடுக்கும்போதுதான் மண்டைல உறைச்சுது. மழையே இல்லாம எப்படி டீச்சர் கிணறு ஏறும்?

... இல்ல, அது ஊத்து இல்ல. ... டீச்சர், ஒரு நிமிஷம். அந்தத் தண்ணிய யாராவது குடிக்கிறீங்களா? ... நீங்க காய்ச்சிக் குடிக்கிறீங்க, சரி. மத்தவங்க? ... நாலு வீடா! ... கேன்ல பிடிச்சுட்டுப் போறாங்களா... கடவுளே.

இல்ல, பதறாதீங்க. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மாடில குடியிருக்கிறவங்க இப்ப வீட்ல இருக்காங்களா? ... குளிக்கிற ரூம்ல குழாயத் திறந்து விடச் சொல்லுங்க. முழுசா. போன வைக்காதீங்க, கையிலயே வெச்சுக்கிட்டு பின்பக்கம் தொட்டிக்கிட்ட வாங்க. ... ஏன்னு சொல்றேன், முதல்ல வாங்க.

... வந்துட்டீங்களா? மூடியத் தூக்காதீங்க, கனம். மேல காத வெச்சு... ஆமா, குனிஞ்சுதான்.

... கேக்குதா?

... தண்ணி விழுற சத்தம் கேக்குதா டீச்சர்?

... ம்.

... ஆமா. குளிச்ச தண்ணிதான். ... இல்ல, கக்கூஸ் பைப் இல்ல, அது முன்பக்கம் போகுது, சத்தியமா. இது சோப்புத் தண்ணி. ... நுரைச்சுதா? பக்கெட்டச் சரியா அலசலன்னு நெனச்சீங்களா...

உங்க பின்சுவத்துல ரெண்டு பைப் பக்கத்துல பக்கத்துல இறங்குது. ஒரே சைஸ், ஒரே கலர். ஒண்ணு மொட்டை மாடிலேர்ந்து, இன்னொண்ணு குளிக்கிற ரூம்லேர்ந்து. நான் மாத்தி இணைச்சுட்டேன். மழைத்தண்ணி சாக்கடைக்கு, சாக்கடைக்குப் போக வேண்டியது... ஆமா.

... தெரியாம நடந்ததுன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, அதத்தான் டீச்சர் என்னால கேட்டுக்க முடியல. அன்னைக்கு வேலை முடிஞ்சதும், "மொட்டை மாடில தண்ணி ஊத்திப் பாத்தியாப்பா"ன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? ... "பாத்துட்டேன், ஜோரா இறங்குது"ன்னு சொன்னேன். ... பொய். ஒரு பக்கெட்கூட ஊத்தல. உங்க மொட்டை மாடிக்குப் படி கிடையாது. ஏணிய வண்டில கட்டிட்டேன், திரும்ப அவுக்கணுமேன்னு அலுப்பு. வேற காரணமே இல்ல. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல, அடுத்த வேலைக்கு நேரமாகல. வெறும் அலுப்பு.

... திட்டுங்க டீச்சர்.

... மழையில்லாம ஏறின கிணறுன்னு போட்டோ எடுக்க வர்றாங்களா? யாரு, தண்ணி ஆபீஸ்லேர்ந்தா? நாளைக்கா? ... நீங்க ஏன் டீச்சர் வெக்கப்படணும்? தெருப் பூரா சொன்னீங்கன்னா, என்னை நம்பித்தானே சொன்னீங்க. ... ஐயோ, அழாதீங்க. தலைகுனிய வேண்டியவன் நான்.

இதோ கிளம்பிட்டேன், அரை மணில வந்துடுவேன். பைப்ப அறுத்து மாத்திடுறேன். கிணத்த முழுசா இறைச்சு, தொட்டில இருக்கிற மணல், ஜல்லி எல்லாத்தையும் அள்ளிப் போட்டுப் புதுசா... என் செலவு. பேசாதீங்க, என் செலவு. அதுவரைக்கும் யாரும் அங்க... யாரு வந்திருக்கா? தண்ணிக்கா? ... பக்கத்து வீட்டம்மாவா? கேன வாங்கி வெச்சுக்குங்க டீச்சர், இறைக்க விடாதீங்க. நீங்களே சொல்லிடுங்க, நான் வந்து...

... நானா? ... போன்லயா? ... டீச்சர், அவங்க முகம்கூட எனக்குத் தெரியாது...

... இல்ல. நியாயம்தான். நான்தான் சொல்லணும். குடுங்க.

... ஹலோ. வணக்கம்மா. நான் பிளம்பர். ... டீச்சர் ஏன் அழுறாங்கன்னா... என்னாலதாம்மா. அந்தக் கேனக் கீழ வெச்சுடுங்க. ... அது மழைத்தண்ணி இல்ல. மாடில குளிச்ச தண்ணி. நான் பைப்ப மாத்தி இணைச்சுட்டேன். பாக்காமலே, பாத்தேன்னு சொல்லிட்டேன்.

... ஆமா. ... ஆமாம்மா. ... நான்தான்.

... பாப்பாவுக்கா? என்ன வயசு? ... வயித்துப்போக்கு எத்தனை நாளா? ... ம். டாக்டர் என்ன தண்ணி குடுக்குறீங்கன்னு கேட்டாரா... நீங்க, "மழைத்தண்ணி, சுத்தமானது"ன்னு...

... அம்மா, இப்பவே போய் அவர்கிட்ட உள்ளதச் சொல்லிடுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நானே வந்து டாக்டர்கிட்ட... அம்மா?

... ஹலோ? ... அம்மா, ஆஸ்பத்திரி பேர மட்டும்... ஹலோ?