கழனியில் வைத்த மிஷின்

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் விவசாயி, மற்றவர் காலிக் கூடையோடு மீன்காரர்.

“அந்தமான் பக்கம் பூமி ஆடுனா, எங்க கழனில அதிர்வு பதியிற மிஷின் வச்சிருக்கிற ஆபீசருங்க சிரிச்சிகினே வராங்க,” என்றார் விவசாயி.

“அதுல இன்னா சந்தோஷம்?”

“அங்க கடலுக்கடியில ஒரு பாறைத்தட்டு இன்னொண்ணுக்குக் கீழ சொருவிகினு போவுதாம். அதிர்வு பூமிக்குள்ளாறயே இங்க வருதில்ல, அத வச்சி அந்தத் தட்ட ஸ்கேன் மாதிரி படம் எடுக்கறாங்கக்கா.”

மீன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என் பொண்ண சுனாமி இட்டுகினு போச்சே, அன்னிக்கு ஆடுன ஆட்டமும் அவங்ககிட்ட இருக்குதா?”

“இருக்குதாம். எல்லா ஊரு மிஷின்லயும் பதிஞ்சிதாம்.”

பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டியது. மீன்காரர் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“அப்ப அத நல்லா பாக்கச் சொல்லு. அந்த ஆட்டம் சும்மா போவக்கூடாது.”