ஜெனீவாவிலிருந்து ஓர் இரங்கல் கடிதம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் ஆடாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பெயர் கேட்டது காதில் விழவில்லை. மன்னியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அராபா மென்சா. இந்த ஊர் அஞ்சலகத்தில் பார்சல் கவுண்டர், பத்தொன்பது வருடம்.

கடிகாரத்தைப் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்துகளை என்னைப்போல் பொறுமையாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்சலின்மேல் 'கைக்கடிகாரம்' என்று எழுதினால் வழியில் பத்துப் பேருக்கு ஆசை வரும். எழுதாவிட்டால், தொலைந்தபின் கேட்க வாய் இருக்காது. பத்திரமாகத் திரும்பி வந்தாலும் சுங்கத்தில், "புதுசா வாங்கினதுதானே?" என்பார்கள்.

இதையெல்லாம் கார்டையாவிடமும் சொன்னேன். எக்கோ க்வான்சா. குமாசி ரயிலில் முப்பத்தொரு வருடம் கார்டாக இருந்தவர். மனைவி போனபின் மகள் எக்குவாவோடு இருந்தார். ஓய்வுபெற்ற அன்று ரயில்வே கொடுத்த சுவிஸ் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

"உள்ளூர்க்காரன் கை படக்கூடாது அராபா. பொறந்த வீட்டுக்கே அனுப்பு. என்னைக் கிடத்துற அன்னிக்கு அது என் கையில ஓடணும். கார்டு லேட்டுன்னு ஊர் சொல்லக்கூடாது."

"எண்பத்துமூணு வயசாச்சு. இப்பவே லேட்டுதான் ஐயா."

சிரித்துச் சிரித்து இருமினார்.

நன்றாகப் பொதிந்து கட்டலாம் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை; பூப்போட்ட சட்டையும் கையில் எனக்கென்று வறுத்த நிலக்கடலையுமாக வந்து நின்றார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு ஐயா."

முழுப் பொய் அல்ல. என் வீட்டுக்குப் போயிருந்தது.

அடுத்த வெள்ளியும் வந்தார். கவுண்டருக்கு வருபவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள். நான் பின்னலை மாற்றினால் கவனித்தவர் அவர் ஒருவர்தான். "உன் சுவிஸ் மாமியார் வீட்டுலேருந்து கடுதாசி வந்துச்சா?" என்பார். வரவில்லை என்றால் முகம் வாடிவிடும். அதனால் வந்தது. பழைய வெளிநாட்டு உறைகளின் தபால்தலைகளைப் பிரித்து ஒட்டினேன். முத்திரை குத்துவது என் வேலைதானே. ஒரு சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று எழுதினேன். பிறகு ஒரு முள் வளைந்திருக்கிறது என்று. இப்படிப் பதினான்கு மாதம்.

கடிகாரத்தை நான் அலட்சியமாக விட்டுவிடவில்லை. சந்தையில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் அரை மணியில் சரிசெய்து கொடுத்தார். உள்ளே வெறும் தூசி. மூன்றாவது வாரத்திலிருந்தே ஓடுகிறது. தினமும் காலையில் நான்தான் சாவி கொடுக்கிறேன்.

ஜனவரியில் கார்டையா இறந்துபோனார். கடிகாரம் வரட்டும் என்று அவரைக் குளிர் அறையில் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் சில வாரம் வைப்பதுதான். வெளிநாட்டிலிருந்து பேரன் வரவேண்டும், வீட்டுக்கு வண்ணம் அடிக்கவேண்டும். இங்கே பேரன் வந்தாயிற்று, வண்ணமும் அடித்தாயிற்று. பதினோரு வாரம். வெள்ளிக்கிழமைகளில் எக்குவா வர ஆரம்பித்தாள். நல்ல பெண். ஆனால் கடலை கொண்டுவர மாட்டாள்.

அப்பா தவறிவிட்டார், எந்த நிலையில் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள் என்று அவள் ஜெனீவாவில் இருக்கும் கடிகாரக் கம்பெனிக்கு எழுதினாள். அந்தக் கடிதமும் என் கவுண்டரைத் தாண்டித்தானே போகவேண்டும். முறையாகப் பதில் எழுதினேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரித்தேன். எண்பது தாண்டியவர் ஆயிற்றே, அடக்கத்துக்கு எல்லோரும் உடுத்துவது துக்கத்துக்கான வெறும் கறுப்புத் துணியா, நிறைவாக வாழ்ந்தவருக்கான கறுப்பும் வெள்ளையுமா என்றும் கேட்டேன். சாவு வீட்டுக்கு எழுதும்போது அதைக் கேட்காமல் எப்படி முடிப்பது?

எக்குவா அந்தக் கடிதத்தைக் கவுண்டரில் விரித்து வைத்தாள்.

"அராபா அக்கா, துணி விஷயம் வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

ஆம், வைத்துக்கொண்டது நான். கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. கடைசி நாளில் அவர், "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று இரண்டு முறை கேட்டாராம். எக்குவா அழுதுகொண்டே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"சனிக்கிழமை அடக்கம். கழட்டிக் குடும்மா," என்கிறீர்கள். எக்குவா வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இது நாளுக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது, ஐயா. ரயில் கார்டு ஒருவரின் கையில் இப்படிக் கட்டி அனுப்ப என்னால் முடியாது. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை போகட்டும் என்று அவளிடம் சொல்லுங்கள்.